தொடுதிரை கேமராவைத் தொட்டுப் பார்த்து வாங்குவது எப்படி

கையில் அடங்குகிற கேமரா வேண்டும், பின்னால் டச் ஸ்கிரீன் இருக்க வேண்டும், போனைவிட நன்றாகப் படம் வர வேண்டும். புதிதாக வாங்க நினைக்கிறவர்கள் கேட்பது இந்த மூன்றும்தான். கடைக்குப் போனதும் மூன்றாவதைப் பற்றி மட்டும் பேசுவார்கள்: மெகாபிக்சல் எவ்வளவு, ஜூம் எவ்வளவு என்று. திரையை யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை. இந்த ரக கேமராவில் பட்டன்கள் குறைவு. ஃபோகஸ், ஃபிளாஷ், எடுத்த படத்தைப் புரட்டுவது என்று பாதி வேலை திரையை நம்பித்தான் நடக்கிறது. சில பழைய மாடல்களில் முழு வேலையும். லென்ஸில் மெல்லிய கீறல் இருந்தாலும் படம் வந்துகொண்டுதான் இருக்கும். திரை தொடுவதைக் கேட்காமல் போனால் அப்படிப்பட்ட மாடலில் தேதியைக்கூட மாற்ற முடியாது. அதனால் என் கணக்கில் முதல் சோதனை திரைக்கு, மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

திருநெல்வேலி ஜங்ஷனிலோ பாளையங்கோட்டையிலோ கடையில் புதிதாக வாங்கினாலும் சரி, துபாயிலிருந்து வந்த மாமா பீரோவில் போட்டு வைத்திருந்ததை விலைக்கு எடுத்தாலும் சரி, வரிசை இதுதான்.

எதற்கு வாங்குகிறீர்கள்

இதை முடிவு செய்யாமல் கடைப்படி ஏற வேண்டாம். தொடுதிரை சிறு கேமராக்கள் இரண்டு தலைமுறையாகக் கிடைக்கின்றன.

2005-ல் சோனியின் சைபர்-ஷாட் என்1 மூன்று அங்குலத் தொடுதிரையோடு வந்தது. பின்னாலேயே சோனி டி வரிசையில் டி200, டி700 போன்றவையும், 2008-ல் நிக்கான் கூல்பிக்ஸ் எஸ்60-ம் வந்தன. இன்று செகண்ட் ஹேண்டில் சுற்றுகிறவை இவையும் இவற்றின் பங்காளிகளும்தான். அந்தக் காலத்துப் படச் சாயல் வேண்டும் என்று கல்லூரிப் பிள்ளைகள் தேடி வாங்குகிறார்கள். சாயலுக்காக வாங்கினால் சந்தோஷம். துல்லியத்துக்காக என்றால் வேண்டாம். இவற்றின் சென்சார், அதாவது ஒளியைப் படமாக்குகிற சில்லு, 6, 7 மி.மீ. அகலம்தான், இன்றைய நல்ல போனில் இருப்பது அதைவிடப் பெரிது.

அடுத்த தலைமுறை, 'ஒரு அங்குல சென்சார்' என்று விற்கிற ரகம். நிஜ அளவு 13.2 × 8.8 மி.மீ.; பழைய சின்ன சென்சாரைப்போல நாலு மடங்கு பரப்பு. கேனான் ஜி7 எக்ஸ் மார்க் 2 (2016), மார்க் 3 (2019), சோனி ஆர்எக்ஸ்100-ன் ஆறாம், ஏழாம் பதிப்புகள் (2018, 2019), சோனி இசட்வி-1 (2020) எல்லாம் இதில் சேரும். இதைவிடப் பெரிய சென்சாரோடு ரிக்கோ ஜிஆர் 3 (2019) உண்டு. ஆனால் ஜூம் கிடையாது, உள்ளே ஃபிளாஷும் கிடையாது. பானசோனிக் டிஇசட்95 (2019) 30 மடங்கு ஜூம் தரும். சென்சார் மட்டும் பழைய சின்ன அளவு.

நம்ம பக்கத்துக் கணக்கில் சொன்னால்: கூந்தன்குளத்தில் ஊருக்குள் மரத்தில் கூடு கட்டியிருக்கும் மஞ்சள்மூக்கு நாரையை ஜி7 எக்ஸில் ஓரளவு எடுத்துவிடலாம். குளத்து நடுவில் நிற்கிற பூநாரைக்கு அது எட்டாது, டிஇசட்95 எட்டும். அதே டிஇசட்95-ஐ ராத்திரி கோயில் கொடைத் திருவிழாவுக்குக் கொண்டுபோனால் படம் புள்ளி புள்ளியாகச் சிதறும். இரண்டையும் ஒரே சின்னப் பெட்டி செய்யும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

கடைக்கு எடுத்துப் போக வேண்டியவை

சொந்த எஸ்டி கார்டு ஒன்று. அன்றைய தினசரித் தாள் ஒன்று, ஒட்ட டேப். லேசாக நனைத்த கைக்குட்டை. உங்கள் போன், டார்ச்சுக்கும் ஸ்டாப்வாட்சுக்கும். இவ்வளவு போதும்.

சோதித்துப் பார்க்கக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். கேட்கிற விதத்தில் கேட்டால் விடுவார்கள்.

"அண்ணாச்சி, என் கார்டைப் போட்டு நாலு படம் எடுத்துக்கிடட்டுமா?"

"எடுத்துக்கிடுங்க தம்பி. வெளிய கொண்டு போணும்னா கடைப் பையனைக் கூட அனுப்புதேன்."

எடுக்கவே விடமாட்டேன் என்கிற கடையில் வாங்காதீர்கள். பழைய கேமரா விற்கிறவர் அப்படிச் சொன்னால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

திரை

தொடுதிரையில் இரண்டு சாதி. ஒன்று, அழுத்தினால் கேட்பது: மேலே ஒரு மெல்லிய படலம், கீழே இன்னொன்று, நடுவில் இடைவெளி, விரல் அழுத்தும்போது இரண்டும் ஒட்டிக்கொள்ளும் இடத்தைக் கேமரா கண்டுகொள்ளும். சோனி டி வரிசை முதலான பழைய கேமராக்களில் இதுதான். இன்னொன்று, போனில் இருப்பதுபோல விரலின் மின்னூட்டத்தை உணர்வது. எது என்று கண்டுபிடிக்க நகத்தால் தட்டிப் பாருங்கள். நகத்துக்குக் கேட்டால் அழுத்து ரகம், விரல் சதைக்கு மட்டும் கேட்டால் போன் ரகம்.

இதைத் தெரிந்துகொள்வது வெறும் அறிவுக்காக இல்லை. இரண்டும் கெட்டுப்போகிற விதமே வேறு. அழுத்து ரகத்தில் வருஷம் ஆக ஆகக் குறி தவறும்: ஃபிளாஷைத் தொட்டால் பக்கத்தில் உள்ள டைமர் திறக்கும். பயப்பட வேண்டாம், சோனி டச் மாடல்களில் செட்டிங்ஸில் இதைச் சரிசெய்யவே ஒரு பகுதி உண்டு. திரையில் காட்டுகிற குறிகளை வரிசையாகத் தொட்டால் போதும். அதைச் செய்த பிறகும் குறி தவறினால் படலம் தேய்ந்துவிட்டது என்று பொருள், விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். எடுத்த படத்தின்மேல் கிறுக்குகிற வசதி அந்த வரிசையில் பல மாடல்களில் இருந்தது. அதைத் திறந்து திரையின் இடது ஓரத்திலிருந்து வலது ஓரம்வரை மெதுவாகக் கோடு இழுங்கள், மேலிருந்து கீழாக ஏழெட்டு வரிசை. கோடு எங்கே அறுகிறதோ அங்கே திரை செத்திருக்கிறது. ஓரங்களும் நாலு மூலைகளும்தான் முதலில் போகும். கம்பெனிக்காரர்கள் மெனு குறிகளை வைத்திருப்பதும் அதே ஓரங்களில்தான்.

போன் ரகத்தில் வேறு நோய். தொடாமலே தொட்டதாக நினைத்துக்கொள்ளும். கேமராவை ஆன் செய்து மேசைமேல் வைத்துவிட்டுக் கடைக்காரரிடம் இரண்டு நிமிஷம் பேசிக்கொண்டிருங்கள். தானாக மெனு திறந்தாலோ, ஃபோகஸ் கட்டம் தானாக நகர்ந்தாலோ திரையில் கோளாறு. ஸ்கிரீன் கார்டு ஒட்டியிருந்தால் அதை எடுத்துவிட்டும் ஒரு தடவை பார்க்க வேண்டும். சில நேரம் குற்றம் அந்தத் தாளில் இருக்கும்.

அடுத்து ஈரம். சித்திரை வெயிலில் நம்ம ஊரில் காய்ந்த விரல் என்று ஒன்று கிடையாது. ஈரக் கைக்குட்டையால் விரலை நனைத்துத் திரையைத் தொடுங்கள். அழுத்து ரகம் கண்டுகொள்ளாது, வேலை செய்யும். போன் ரகம் தடுமாறும். நீர்ப்படலம் அதற்கு இன்னொரு விரல். அகஸ்தியர் அருவிப் பக்கமோ மணிமுத்தாறிலோ சாரலில் நின்று எடுக்கிற ஆசை இருந்தால், தொடுதலை அணைத்துவைக்கும் வசதி செட்டிங்ஸில் எங்கே இருக்கிறது என்று கடையிலேயே கண்டுபிடித்து வையுங்கள். சாரலில் நனையலாம் என்று பெட்டியில் போடாத கேமராவைச் சாரலில் காட்டாமல் இருப்பது அதைவிட நல்லது.

தொடுதிரை என்று போட்டிருந்தாலும் எல்லாம் தொட்டு நடக்கும் என்று எண்ண வேண்டாம். ஜி7 எக்ஸ் மார்க் 3-ல் மெனு முழுக்க விரலாலேயே போய்வரலாம். ஆர்எக்ஸ்100 ஏழாம் பதிப்பிலும் இசட்வி-1-லும் தொட்டு ஃபோகஸ் செய்யலாம், தொட்டுப் படம் எடுக்கலாம், மெனுவுக்குப் பட்டன்தான். வீட்டில் பெரியவர்களுக்கு வாங்குகிறீர்கள் என்றால் இந்த வித்தியாசம் முக்கியம். போனில் பழகிய அம்மா மெனுவைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு, 'இது கெட்டுப்போன சாமான்' என்று சொல்லிவிடுவாள்.

கடைசியாக, தொட்ட இடத்தில் ஃபோகஸ் விழுகிறதா? மேசையில் டீ கிளாஸ் ஒன்றை வைத்து, பின்னால் தெருவில் தெரிகிற கடைப் பெயர்ப்பலகையையும் சட்டத்துக்குள் கொண்டுவாருங்கள். கிளாஸைத் தொட்டு ஒன்று, பலகையைத் தொட்டு ஒன்று. எடுத்ததைப் பெரிதாக்கிப் பாருங்கள்: முதல் படத்தில் கிளாஸின் விளிம்பு, இரண்டாவதில் பலகை எழுத்து கூர்மையாக இருக்க வேண்டும். கட்டம் மட்டும் நகர்ந்து ஃபோகஸ் நகராத கேமராவும் உண்டு, அதனால்தான் பெரிதாக்கிப் பார்க்கச் சொல்கிறேன். கூடவே, தொட்ட இடத்துக்கு ஏற்ப வெளிச்சமும் மாறுகிறதா என்று கவனியுங்கள். இருண்ட வாசலைத் தொட்டால் படம் வெளுத்து, வானத்தைத் தொட்டால் இருண்டு வந்தால் வெளிச்ச அளவும் விரலைத் தொடர்கிறது. சிலவற்றில் இதற்குத் தனி செட்டிங் இருக்கும்.

வெயிலுக்குக் கொண்டுவாருங்கள்

கடைக்குள் குளிர்ந்த வெளிச்சத்தில் எல்லாத் திரையும் அழகுதான். மதியம் 12 மணிக்குச் சுலோசன முதலியார் பாலத்தில் நின்று தாமிரபரணியை எடுக்கப் பார்த்தால், திரையில் உங்கள் சட்டைதான் தெரியும். கடைவாசல் வெயிலிலேயே இதைச் சோதித்துவிடலாம். திரை வெளிச்சத்தை உச்சத்தில் வையுங்கள். சோனியில் வெயிலுக்கென்றே ஒரு அளவு தனியாக உண்டு. மேலும் கீழும் மடங்குகிற திரை என்றால் வெயிலுக்கு எதிராகச் சாய்த்துக்கொள்ளலாம். டிஇசட்95-லும் ஆர்எக்ஸ்100-ன் அந்த இரண்டு பதிப்புகளிலும் கண்ணை வைத்துப் பார்க்கிற சின்ன வியூஃபைண்டர் இருக்கிறது. பகலில் நிறைய எடுக்கிறவர்களுக்கு அதற்காகவே கூடுதல் காசு தரலாம் என்பது என் கட்சி. போலராய்டு கூலிங் கிளாஸ் போட்டிருந்தால் கழற்றிவிட்டுப் பாருங்கள். கேமராவைத் திருப்பும்போது சில கோணத்தில் திரை கறுப்பாகத் தெரியும், அது கேமராவின் குற்றமில்லை.

வெளியே நிற்கும்போதே வெள்ளை வேட்டி சட்டையில் ஒருவரை நிறுத்தி ஒரு படம். பளீரென்ற வெள்ளை சட்டத்தில் அதிகம் இருந்தால் கேமரா வெளிச்சம் கூடிவிட்டது என்று தப்புக்கணக்குப் போட்டு முழுப் படத்தையும் இருட்டாக்கும். கறுத்த முகம் இன்னும் கறுக்கும். பிளஸ், மைனஸ் குறி போட்ட வெளிச்சத் திருத்தம் ஒன்று இருக்கும். அதை பிளஸ் பக்கம் ஒரு படிக்குள் நகர்த்தி மறுபடி எடுங்கள். அந்தத் திருத்தத்துக்குப் போய்ச்சேர எத்தனை தொடுதல் ஆகிறது என்று எண்ணுங்கள். ஒன்று, இரண்டு என்றால் நல்லது. ஐந்தாறு என்றால் கல்யாண வீட்டில் ஒருநாளும் அதைத் தொடமாட்டீர்கள்.

லென்ஸ்

டார்ச்சை லென்ஸுக்குள் சாய்வாக அடித்துப் பாருங்கள். தூசி ஒன்றிரண்டு இருந்தால் பரவாயில்லை. சிலந்தி வலைபோல நூல் நூலாகத் தெரிந்தால் பூஞ்சை. சின்ன கேமராவில் அதைச் சுத்தம் செய்யப் போனால் கூலி கேமரா விலையைத் தாண்டும். குற்றாலம், பாபநாசம் பக்கம் சாரல் காலத்தில் பைக்குள்ளேயே அடைத்து வைத்த கேமராவில் இது சகஜம். லென்ஸ் வெளியே நீளும்போது காதைக் கொடுங்கள். கறகறவென்றால் உள்ளே மணல், அநேகமாக உவரிக் கடற்கரையைப் பார்த்துவிட்டு வந்த கேமரா.

தினசரித் தாளைச் சுவரில் விறைப்பாக ஒட்டி, நேர் எதிரே நின்று, ஜூம் இல்லாமல், இரண்டு நொடி டைமர் போட்டு எடுங்கள். படத்தின் நாலு மூலையிலும் எழுத்து ஒரேபோலத் தெரிய வேண்டும். நாலும் லேசாக மங்கினால் மன்னிக்கலாம். ஒரு மூலை மட்டும் குழம்பினால் கேமரா எப்போதோ கீழே விழுந்து லென்ஸ் சாய்ந்திருக்கிறது. வீட்டில் பத்தமடைப் பாய் இருக்கிறதா? தாளைவிடக் கடினமான பரீட்சை அது. மெல்லிய கோரை இழைகள் பிரிந்து தெரிகின்றனவா, அல்லது இல்லாத வளைகோடுகளும் நிறங்களும் பாயின்மேல் ஓடுகின்றனவா என்று பாருங்கள். பட்டுப்புடவைக் கட்டத்திலும் அதே கோளாறு வரும்.

பிறகு மேகமில்லாத வானத்தை ஒன்று, முழு ஜூமில். சாம்பல் வட்டமாகக் கறை தெரிந்தால் சென்சாரில் தூசி. லென்ஸைக் கையால் மூடி ஒன்று. கறுப்பில் சிவப்பு, பச்சை, நீலப் புள்ளிகள் மின்னக்கூடாது.

வேகம்

ஆனித் தேரோட்டத்தில் நெல்லையப்பர் தேர் ரத வீதியில் அசைகிற அந்தக் கணம் வேண்டும் என்றால், அமுக்கிய பிறகு யோசிக்கிற கேமரா உதவாது. சோதனை சுலபம். போனில் ஸ்டாப்வாட்சை ஓடவிட்டு அதைக் கேமராவில் பாருங்கள். 10 நொடி காட்டும்போது ஷட்டரை அமுக்குங்கள். படத்தில் 10.2 இருந்தால் அருமை, அதில் உங்கள் விரலின் தாமதமும் சேர்ந்திருக்கிறது. 10.7, 10.8 என்றால் மந்தம். அடுத்து, ஷட்டரைப் பாதி அமுக்கி ஃபோகஸைப் பிடித்துவைத்துக்கொண்டு அதையே செய்யுங்கள். மந்தமான கேமராவில்கூட நேரம் பளிச்சென்று குறையும். மூன்றாவதாகத் திரையைத் தொட்டு எடுங்கள். தொட்ட பிறகுதான் ஃபோகஸ் தேட ஆரம்பிக்கும் என்பதால் பெரும்பாலும் இதுதான் தாமதம். தட்டும்போது கேமரா ஆடவும் செய்யும். தேர் கூட்டத்தில் பட்டன்தான் கைகொடுக்கும்.

ராத்திரி

என்னைக் கேட்டால் கேமராவின் குணம் தெரிகிற இடம் சுடலைமாடன் கோயில் கொடைதான். வில்லுப்பாட்டு மேடையில் டியூப் லைட், பந்தலைச் சுற்றி நீலமும் சிவப்புமாய் சீரியல் செட், கணியான் கூத்தில் மகுடம் என்கிற தோல்வாத்தியம் அடிக்கிறவர் ஒரு நொடி சும்மா நிற்கமாட்டார். கை ஆட்டத்தைக் கேமராவின் நடுக்கத்தடுப்பு பார்த்துக்கொள்ளும். ஆடுகிற ஆளின் அசைவை அது நிறுத்தாது. அதற்கு ஷட்டர் ஒரு நொடியில் 125-ல் ஒரு பங்கு வேகத்திலாவது இருக்க வேண்டும், அந்த வேகத்துக்கு வெளிச்சம் வேண்டும். லென்ஸில் எஃப் 1.8 என்று போட்டிருந்தால், பழைய சோனி டி வரிசையின் எஃப் 3.5-ஐவிட ஏறக்குறைய நாலு மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். கடைக்காரர் சொல்லமாட்டார், நீங்கள் லென்ஸ் விளிம்பில் படித்துக்கொள்ளுங்கள். எழுதியிருப்பது 1.8–2.8 என்றால் முதல் எண் ஜூம் இல்லாதபோது, இரண்டாவது முழு ஜூமில்.

கடையில் இதை எப்படிச் சோதிப்பது? மூலையில் ஒரு விளக்கை அணைக்கச் சொல்லுங்கள். ஐஎஸ்ஓவை, அதாவது வெளிச்சத்தை உணரும் அளவை, 1600-ல் வைத்து ஒன்று, 3200-ல் ஒன்று, கூட வந்தவர் முகத்தை எடுங்கள். மீசை முடி தனித்தனியாகத் தெரிகிறதா, மை தடவியதுபோல ஒரே பட்டையாக இருக்கிறதா என்று பாருங்கள். புள்ளிகள் தெரிந்தால் தப்பில்லை, பிரிண்டில் அமுங்கிவிடும். பட்டையடித்த முகத்தை யாராலும் திருத்த முடியாது. நீல எல்இடி ஒன்றையும் எடுங்கள், விவரமே இல்லாமல் நீலத் திட்டாக வந்தால் சீரியல் செட் படமும் அப்படித்தான் வரும். ஃபிளாஷ் இந்த அளவு கேமராவில் சில மீட்டர்தான் எட்டும். சாமியாடுகிறவர் முகத்தில் அதை அடிக்கவே வேண்டாம், ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டுவிட்டு எடுங்கள்.

வீடியோ எடுப்பீர்கள் என்றால் ஒன்று மட்டும். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிக்கும். ஷட்டரை 50-ல் ஒன்று அல்லது 100-ல் ஒன்று என்று வைக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் டியூப் லைட் கீழே வீடியோவில் பட்டைபட்டையாக நிழல் ஓடும். செகண்ட் ஹேண்ட் என்றால் இன்னொன்றும் பார்க்க வேண்டும்: ஜப்பானிலிருந்து கைமாறி வந்த சோனிகளில் பலவற்றில் மெனு ஜப்பானிய மொழியில் மட்டுமே இருக்கும், மாற்ற வழி கிடையாது. மொழி மெனுவைத் திறந்து பார்க்காமல் காசைக் கொடுக்காதீர்கள்.

பேட்டரி, கார்டு

பேட்டரியை வெளியே எடுத்து மேசைமேல் படுக்க வையுங்கள். ஆடினால் உப்பியிருக்கிறது. பழைய மாடலுக்கு ஒரிஜினல் பேட்டரி கிடைப்பது அரிது, இன்னொன்று வாங்கும் செலவையும் விலையில் கழித்துப் பேசலாம். 2010-க்கு முந்திய சோனி டச் மாடல் என்றால் மெமரி ஸ்டிக் என்கிற சோனியின் சொந்தக் கார்டு மட்டும்தான் போகும், உங்கள் எஸ்டி கார்டு போகாது, அந்தக் கார்டும் கூடவே தருகிறாரா என்று கேளுங்கள். மற்ற பழைய கேமராக்களில் 64 ஜிபி கார்டைப் போட்டுவிட்டு 'கேமரா ரிப்பேர்' என்று நினைக்கிறவர்கள் உண்டு. அந்தக் காலத்தவை பலவும் 32 ஜிபிக்கு மேல் ஏற்காது, இன்னும் பழையவை 2 ஜிபியோடு நின்றுவிடும்.

எடுத்த படங்களைக் கேமராத் திரையில் பார்த்து முடிவு செய்யாதீர்கள், அந்தச் சின்னத் திரையில் எல்லாம் கூர்மையாகத்தான் தெரியும். கார்டை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கம்ப்யூட்டரில் பாருங்கள். நல்லதாக ஒன்றைத் தேர்ந்து ஸ்டுடியோவில் ஏ4 அளவில் பிரிண்ட் போடுங்கள். ஏ4-க்கு அங்குலத்துக்கு 300 புள்ளி என்று கணக்குப் போட்டால்கூட 9 மெகாபிக்சல் போதும், 20, 24 என்று பெட்டியில் போட்டிருப்பதெல்லாம் அதற்கு மேலே. மறுநாள் போய் வாங்குங்கள்; ஒரு ராத்திரியில் விலை ஏறிவிடாது.

வாங்கும்போது கேமராவின் அடியிலோ திரையை மடக்கினால் தெரியும் இடத்திலோ உள்ள சீரியல் எண்ணும் பில்லில் எழுதியிருப்பதும் ஒன்றுதானா என்று எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். புதியது என்றால் வாரண்டி அட்டை இந்தியாவுக்குள் செல்லுபடியாவதா என்று கேட்டு, கடை முத்திரையையும் தேதியையும் அங்கேயே போட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.